துண்டு மடிக்கும் ரோபோ: 25 நிமிடத்திலிருந்து 2 நிமிடத்துக்கு வந்தது எப்படி?

#1 கரூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். கரூரில் ஒரு ஏற்றுமதி யூனிட்டில் செக்கிங், பேக்கிங் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். கட்டிங், தையல், பிசிறு வெட்டுவது எல்லாம் முடிந்து துண்டு எங்கள் மேசைக்கு வரும். மடித்து, அட்டை சொருகி, பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. எங்கள் பிரிவில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். குவியலுக்குள் கையை விட்டால் துண்டின் மூலை அவர் விரலுக்கு வந்துவிடும். ஒரு கிச்சன் டவலுக்கு ஐந்தாறு வினாடிதான். பேச்சும் நிற்காது.

போன வாரம் ஒரு பழைய வீடியோ பார்த்தேன். 2010ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பீட்டர் அபீல் குழுவினர் பிஆர்2 என்ற ரோபோவைத் துண்டு மடிக்க வைத்திருக்கிறார்கள். அது அதுவரை பார்க்காத 50 துண்டுகள். 50ஐயும் மடித்துவிட்டது. ஆனால் ஒரு துண்டுக்குச் சராசரியாக 25 நிமிடம். வீடியோவையே 50 மடங்கு வேகத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள். துண்டைத் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மூலை எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் விரல் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

இப்போது வரும் வீடியோக்களில் ரோபோ சட்டையையே மடிக்கிறது. இடையில் என்ன நடந்தது? "எல்லாம் கிளவுட் வந்ததால்தான்" என்று ஒரு நண்பர் முடித்துவிட்டார். எங்கள் ஆபீஸில் பில் போடும் மென்பொருளும் கிளவுடில்தான் ஓடுகிறது. அதற்கும் துணி மடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். படிக்க நேரம் இருக்கிறது.

#2 மூன்றாம்_மூட்டு | ஞாயிறு, இரவு 10:42

ரோபோ கைகள் பற்றி ஆய்வு செய்யும் மாணவி நான். உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி.

"கிளவுட் ரோபாட்டிக்ஸ்" என்ற பெயரை 2010ல் வைத்தவர் ஜேம்ஸ் கஃப்னர். அப்போது கூகுளில் இருந்தார். ரோபோ தன் உடம்பில் சுமக்கும் கணினி சிறியது, அதுவும் பேட்டரியைத் தின்னும். கனமான கணக்குகளை எங்கோ இருக்கும் சர்வர்களுக்கு அனுப்பிவிட்டால் உடம்பு லேசாகும் என்பது யோசனையின் ஒரு பாதி. ஒரு ரோபோ கற்றதை மற்ற ரோபோக்களும் எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு பாதி. பல வருடம் எல்லோரும் முதல் பாதியைப் பற்றியே பேசினார்கள். துண்டு மடிப்பை மாற்றியது இரண்டாம் பாதி என்பது என் எண்ணம்.

முதல் பாதியால் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. பெர்க்லியில் கென் கோல்ட்பர்க் குழு 2017ல் டெக்ஸ்நெட் 2.0 என்ற ஒன்றை வெளியிட்டது. ஒரு பொருளை எங்கே பிடித்தால் நழுவாது என்று கற்பிக்க, கணினிக்குள்ளேயே 67 லட்சம் எடுத்துக்காட்டுகளை உருவாக்கினார்கள். நிஜக் கையை வைத்து அத்தனை தடவை எடுக்கச் சொன்னால் வருடக்கணக்காகும். அதே பல்கலைக்கழகத்திலிருந்து பிறகு ஃபாக்ராஸ்2 வந்தது. ரோபோவில் ஓடும் புரோகிராமின் கனமான பகுதியை மட்டும் கிளவுடுக்கு நகர்த்தும் கருவி அது. ஒரு பொருளை எப்படிப் பிடிப்பது என்று திட்டமிட 14 வினாடி ஆனது 1.2 வினாடிக்கு இறங்கியது.

துணிக்கு வருவோம். 2022ல் ஸ்பீட்ஃபோல்டிங் என்ற ஆய்வு வந்தது. இரண்டு கை உள்ள யூமி ரோபோ, கசங்கிக் கிடக்கும் உடையைச் சராசரியாக 2 நிமிடத்துக்குள் மடித்தது. மணிக்கு 30 முதல் 40 உடைகள். அதற்கு முன் இருந்தவை மணிக்கு 3 முதல் 6 தான். காரணம், அது மூலையைத் தேடவே இல்லை. மேலிருந்து எடுத்த ஒரே படத்தைப் பார்த்து, இரண்டு கையும் எங்கே பிடித்து எப்படி உதறினால் துணி விரியும் என்று ஊகிக்கிறது. அந்த ஊகம் ஏறத்தாழ 4,300 செயல்களைப் பார்த்துக் கற்றது. உங்கள் அக்காவும் மூலையைத் தேடுவதில்லை அல்லவா? ஆயிரக்கணக்கான முறை மடித்த கை அது.

#3 வால்வு_வாத்தியார் | திங்கள், காலை 6:25

பாலிடெக்னிக்கில் 30 வருடம் இன்ஸ்ட்ருமென்டேஷன் சொல்லிக்கொடுத்தவன். ஒரு எச்சரிக்கை.

மூளையை வெளியே வைப்பது 2010ல் பிறந்த யோசனை என்று இளைஞர்கள் நினைக்க வேண்டாம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இனாபா 1990களிலேயே செய்தார். சின்ன ரோபோ உடம்பு, பெரிய கணினி வெளியே, நடுவில் ரேடியோ இணைப்பு. அவர் காலத்தில் இரண்டும் ஒரே அறையில் இருந்தன. இப்போது நடுவில் பல நூறு கிலோமீட்டர்.

ஆய்வகங்களில் நிறையப் புழங்கும் ஃப்ராங்கா கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கட்டுப்பாட்டுச் சுற்று வினாடிக்கு 1000 முறை ஓடுகிறது. ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் ஒரு கட்டளை போக வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். போய்வர 10 மில்லி வினாடி. ரௌட்டர், சர்வர், வரிசையில் காத்திருப்பது எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. அதற்குள் கை பத்துச் சுற்றுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கும். எதிரே மனிதர் நின்றால்?

இதை எந்த நிறுவனமும் மாற்ற முடியாது. இயற்பியல் அப்படி.

#4 ஒரகடம்_நைட்ஷிஃப்ட் | திங்கள், காலை 7:50

வாத்தியார் சொல்வதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு வருடம் முன் ஒரு கிடங்கில் பராமரிப்பு வேலை. பெயர் வேண்டாம். தரையில் ஓடி ரேக்குகளுக்கு நடுவே சரக்குத் தூக்கும் ரோபோக்கள் இருந்தன. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தது வெளியூர் சர்வர். ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்கு வெளி இணைப்பு போய்விட்டது. எல்லா வண்டியும் அப்படியே நின்றன.

நின்றது சரியான காரியம், அதில் எனக்குக் குறை இல்லை. ஒன்று கூட எதன் மீதும் மோதவில்லை. ஏனென்றால் நிற்பது என்ற முடிவு வண்டிக்குள்ளேயே இருந்தது. ஆனால் இரண்டு ரேக் வரிசைக்கு நடுவில் நின்ற வண்டிகளைக் கையால் தள்ளிக்கொண்டு போய் ஓரம்கட்ட எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. விடிந்தால் லாரி வந்து நிற்கும். அந்தப் பதற்றம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் கிடங்குக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்தார்கள். அன்றாட வேலைப் பங்கீடு அதில். வாரக் கணக்கு, வழித்தட மேம்பாடு, புது மென்பொருள் மட்டும் கிளவுடிலிருந்து வரும். அதன் பிறகு வெளி இணைப்பு போனாலும் வண்டி ஓடியது. எனவே "உடம்பா, கிளவுடா" என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். நடுவில் கட்டடத்துக்குள் ஒரு இடம் இருக்கிறது.

#5 மூன்றாம்_மூட்டு | திங்கள், மதியம் 1:15

வாத்தியார் ஐயா, வினாடிக்கு 1000 முறை ஓடும் சுற்றை யாரும் கிளவுடில் வைப்பதில்லை. அது எப்போதும் கைக்குள்ளேயே. கேள்வி அதற்கு மேலே இருக்கும் மாடியைப் பற்றியது: "அந்த நீலத் துண்டை எடு" என்பதைப் புரிந்துகொண்டு கையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று சொல்லும் பகுதி.

2023ல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட ஆர்டி-2 என்ற ஏஐ மாடலின் பெரிய வடிவத்தில் 5,500 கோடி அளவுருக்கள், அதாவது கற்றதைப் பிடித்து வைத்திருக்கும் எண்கள். எந்த ரோபோவும் அதைச் சுமக்க முடியாது. எனவே கிளவுடில் வைத்து, நெட்வொர்க் வழியாகக் கேட்டார்கள். வினாடிக்கு 1 முதல் 3 முடிவுகள்தான் கிடைத்தன. மேசையில் இருக்கும் பொருளை எடுத்து வைக்க அது போதும். உதறும் துணிக்குப் போதாது.

2025 மார்ச்சில் அதே நிறுவனத்திடமிருந்து வந்த ஜெமினி ரோபாட்டிக்ஸ் மூளையை இரண்டாகப் பிரித்தது. பெரிய பகுதி கிளவுடில், சின்ன பகுதி ரோபோவின் கணினியில். பார்த்ததிலிருந்து அசைவது வரை சுமார் கால் வினாடி. ஆனால் ஒவ்வொரு தடவையும் அடுத்த பல அசைவுகளைச் சேர்த்தே அனுப்புவதால், கை வினாடிக்கு 50 கட்டளை வேகத்தில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அதே வருடம் ஜூனில் முழுக்க ரோபோவிலேயே ஓடும் வடிவத்தையும் வெளியிட்டார்கள்.

இன்னொரு பக்கம், 2024ல் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஓப்பன்விஎல்ஏ என்ற மாடலை எல்லோருக்கும் திறந்து கொடுத்தார்கள். 700 கோடி அளவுருக்கள்தான். 5,500 கோடி உள்ள ஆர்டி-2-எக்ஸ் மாடலை விட அவர்கள் வைத்த சோதனைகளில் நன்றாகச் செய்தது. ஆக மூளை சுருங்கிக்கொண்டே உடம்புக்குத் திரும்பி வருகிறது. அதைப் பயிற்றுவிக்கத்தான் பெரிய கணினிக் கூடம் வேண்டும்: ஓப்பன்விஎல்ஏவுக்கு 64 ஏ100 ஜிபியூக்கள் (ஏஐ கணக்குகளைப் போடும் சக்திவாய்ந்த சிப்கள்) 14 நாள் ஓடின.

#6 யாழ்_வடலி | திங்கள், இரவு 8:05

இந்தக் கதையில் ஒரு தமிழர் இருக்கிறார், அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2010 முதல் 2014 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் ரோபோஎர்த் என்றொரு திட்டம் நடந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பிலிப்ஸ், சூரிச்சின் ஈடிஎச், மியூனிக், ஷ்டுட்கார்ட், ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. ரோபோக்களுக்கென ஒரு பொது வலை கட்டுவது நோக்கம். 2014 ஜனவரியில் ஐந்தோவனில் மருத்துவமனை அறை மாதிரி ஒன்றை அமைத்து நான்கு ரோபோக்களை வைத்துக் காட்டினார்கள். ஒரு ரோபோ அறையைச் சுற்றி வந்து வரைபடத்தைப் பதிவேற்றும். அந்த அறையையே காணாத இன்னொரு ரோபோ அதை எடுத்துக்கொண்டு, நோயாளிக்குக் குடிக்கக் கொண்டு போய்க் கொடுக்கும்.

அந்தத் திட்டத்தின் கிளவுட் பகுதிக்குப் பெயர் ரப்யூட்டா. ஜப்பானிய அனிமேஷன் படம் ஒன்றில் ரோபோக்கள் இருக்கிற வானக் கோட்டையின் பெயர் அது. அதைக் கட்டியவர்களில் முதன்மையானவர் கஜன் மோகனராஜா. இலங்கையில் பிறந்து, டோக்கியோவில் பொறியியல் படித்து, ஈடிஎச்சில் ரஃபயேல்லோ டி'ஆண்ட்ரியாவிடம் முனைவர் ஆய்வு செய்தவர். டி'ஆண்ட்ரியா கிடங்கு ரோபோக்கள் செய்த கிவா நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். அதை 2012ல் அமேசான் 77.5 கோடி டொலருக்கு வாங்கியது. கஜன் 2014ல் ரப்யூட்டா ரோபாட்டிக்ஸ் என்று டோக்கியோவைத் தளமாகக் கொண்டு நிறுவனம் தொடங்கினார். இன்றைக்கு அவர்களுடைய ரோபோக்கள் ஜப்பானியக் கிடங்குகளில் மனிதரோடு சேர்ந்து பொருள் எடுக்கின்றன.

ஒரகடம் நண்பர் சொன்னது போலவே, எல்லா ரோபோவுக்குமான பொது வலை என்று தொடங்கிய யோசனை கடைசியில் ஒரே கூரையின் கீழ் நிற்கும் ரோபோக்களை ஒழுங்குபடுத்துவதில்தான் முதலில் பலித்தது. எனக்கு அது விளங்குகிறது. ஒரே கிடங்கில் ஒரே தரை, ஒரே வரைபடம், ஒரே முதலாளி. பகிர்வதற்குத் தடையே இல்லை.

#7 கரூர்க்காரன் | திங்கள், இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சொன்ன 10 மில்லி வினாடியை எங்கள் எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன், அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

யாழ் நண்பர் கடைசியில் சொன்னதுதான் எனக்குள் ஓடுகிறது. ஒரே முதலாளி என்றால் பகிரலாம், சரி. வேறு வேறு பல்கலைக்கழகம், வேறு வேறு நாடு, வேறு வேறு ரோபோ என்றால் ஒன்று கற்றது இன்னொன்றுக்கு எப்படிப் பொருந்தும்? எங்கள் யூனிட்டில் ஒரு தையல் மெஷின் செட்டிங் பக்கத்து மெஷினுக்கே பொருந்தாது.

#8 மூன்றாம்_மூட்டு | செவ்வாய், காலை 11:20

நல்ல கேள்வி. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் எல்லோருக்கும் ஒரே மொழி வேண்டியிருந்தது. 2000களின் நடுவில் ஒவ்வொரு ஆய்வு மாணவரும் தன் ரோபோவுக்கு எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எழுதினார். அவர் பட்டம் வாங்கிப் போனால் அந்த நிரலும் அவரோடு போகும். ஸ்டான்ஃபோர்டில் முளைத்து வில்லோ கராஜ் என்ற ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த ராஸ் என்ற பொது மென்பொருள் அதை மாற்றியது. கேமரா, சக்கரம், கை என்று ஒவ்வொன்றும் தனித்தனி நிரலாக ஓடி, தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும். ஒருவர் எழுதிய கேமரா நிரலை இன்னொருவர் அப்படியே எடுத்துப் பொருத்தலாம். 2010ல் வில்லோ கராஜ் தன் பிஆர்2 ரோபோக்களை 11 ஆய்வுக் குழுக்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. ஒரு ரோபோவின் விலை 4 லட்சம் டாலர். அதைக் கொண்டு செய்ததை எல்லோருக்கும் திறந்து விட வேண்டும் என்பதே கேட்டுக்கொண்டது. நீங்கள் பார்த்த துண்டு வீடியோவில் இருப்பதும் அதே பிஆர்2 தான். வில்லோ கராஜ் சில வருடங்களில் மூடப்பட்டது. ராஸ் இன்னும் இருக்கிறது.

அடுத்தது அனுபவம். 2016ல் கூகுள் 14 கைகளை வரிசையாக நிறுத்தி, தட்டில் கிடக்கும் பொருள்களை எடுக்க வைத்தது. மொத்தம் 8 லட்சம் முயற்சிகள். ஒரு கை தவறவிட்டது மற்ற 13க்கும் பாடம். ஆனால் அத்தனை கை வைத்திருக்கும் வசதி எத்தனை பேருக்கு உண்டு? பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டு, பென்சில்வேனியா, கார்னகி மெலன் ஆய்வகங்கள் சேர்ந்து 2019ல் ரோபோநெட் தொகுத்தார்கள். 7 வகை ரோபோக்களின் 1.5 கோடி வீடியோ சட்டகங்கள்.

2023 அக்டோபரில் ஓப்பன் எக்ஸ்-எம்பாடிமென்ட் வந்தது. உலகெங்கும் 34 ஆய்வகங்கள் ஏற்கெனவே தங்களிடம் வைத்திருந்த 60 தரவுத் தொகுப்புகளை ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில் போட்டார்கள். 22 வகை ரோபோ உடம்புகள், 10 லட்சத்துக்கு மேல் செயல்பதிவுகள். உங்கள் தையல் மெஷின் கேள்வி இங்கேதான் வருகிறது. ஒரு ஆய்வகத்தில் கேமரா தோளுக்கு மேல், இன்னொன்றில் மணிக்கட்டில். ஒன்றில் "முன்னால்" என்பது இன்னொன்றில் "இடது". இந்தத் திசைக் குழப்பத்தை அவர்கள் சரிசெய்யக்கூட இல்லை. எல்லாவற்றையும் கை நுனியின் நகர்வு, திருப்பம், பிடி ஆகியவற்றைச் சொல்லும் 7 எண்களாகச் சுருக்கி அப்படியே பயிற்சிக்குக் கொடுத்தார்கள்.

மாடல் குழம்பிப் போகும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். நடந்தது வேறு. தரவு குறைவாக இருந்த ஆய்வகங்களில், அவரவர் சொந்தமாகப் பயிற்றுவித்த மாடலை விடப் பொது மாடலின் வெற்றி சராசரியாக 50 சதவீதம் கூடியது. படத்தைப் பார்த்தே "இது எந்த உடம்பு, இங்கே முன்னால் என்றால் எது" என்று மாடல் கண்டுகொள்கிறது. மெஷின் செட்டிங் பொருந்தாதுதான். ஆனால் பத்து மெஷினில் வேலை பார்த்த டெய்லரைப் பதினோராவது மெஷினில் உட்காரவைத்தால் சீக்கிரம் பழகிக்கொள்வார் அல்லவா? அது போன்றது.

2024ல் டிராய்டு என்ற தரவுத் தொகுப்பு வந்தபோது வேறு வழியில் போனார்கள். 13 நிறுவனங்களிலும் ஒரே ஃப்ராங்கா கை, ஒரே மாதிரி மேசை, ஒரே கேமரா அமைப்பு. 50 பேர் ஒரு வருடம் கையால் இயக்கி, 564 இடங்களில் 76,000 பதிவுகள், 350 மணி நேரம் சேர்த்தார்கள். ஆய்வக மேசையை விட்டு வீட்டுச் சமையலறை, அலுவலகம் என்று வெளியே போனார்கள். இதை முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் ரோபோ தோற்பது பெரும்பாலும் இடம் மாறும்போதுதான்.

இப்போது துணிக்குத் திரும்பலாம். 2024 இறுதியில் பிசிக்கல் இன்டலிஜென்ஸ் நிறுவனம் காட்டிய மாடல், உலர்த்தியிலிருந்து துணியை எடுத்து மடித்து அடுக்கியது. சொந்தமாகச் சேர்த்த 7 வகை ரோபோக்களின் சுமார் 10,000 மணி நேரப் பதிவோடு, மேலே சொன்ன பொதுத் தொகுப்பும் அதன் பயிற்சியில் உண்டு. யாரோ எங்கோ டம்ளர் எடுத்த பதிவு சட்டை மடிப்பதற்கு உதவியிருக்கிறது. கிளவுட் எனக்கு அங்கேதான் பெரிதாகத் தெரிகிறது. எல்லோரும் கொண்டு வந்து கொட்டும் களம் அது.

#9 செவ்வாழை | செவ்வாய், மாலை 5:40

அக்கா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் நாகர்கோவில் பக்கம், இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அந்தக் களத்தில் நானும் ஒரு பிடி போட்டிருக்கிறேன்!

ஏஐ மாடல்களையும் தரவையும் பகிர இடம் தரும் ஹக்கிங்ஃபேஸ் நிறுவனம் 2024ல் லெரோபாட் என்ற திறந்த மூல ரோபோ மென்பொருளைத் தொடங்கியது. அதோடு பயன்படும் எஸ்ஓ-100 கையின் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. 3டி பிரிண்டரில் அச்சடித்து, ஒரு கைக்கு 6 மோட்டார் பொருத்த வேண்டும். இரண்டு கை செய்தோம். ஒன்றை நாம் பிடித்து அசைப்போம், மற்றது அதே போல் அசையும். அதைப் பதிவுசெய்தால் அதுவே தரவு. நண்பர்கள் நான்கு பேர் காசு போட்டுச் செய்தது. தீப்பெட்டியை எடுத்துக் கிண்ணத்தில் போடுவதை 50 தடவை பதிந்து ஏற்றினோம். பயிற்சிக்குச் சில மணி நேரம் கிளவுட் ஜிபியூ வாடகைக்கு எடுத்தோம். எங்கள் லேப்டாப்பில் அது முடியவே முடியாது.

முதல் நாள் பத்துக்கு எட்டு எடுத்தது. மறுநாள் மேகமூட்டம், ஜன்னல் வெளிச்சம் குறைந்தது, பத்துக்கு இரண்டு. இடம் மாறினால் தோற்கும் என்று அக்கா சொன்னதை அன்றைக்கு அனுபவித்தோம்.

எங்களைப் போன்றவர்கள் ஏற்றிய பதிவுகளை வைத்து 2025 ஜூனில் ஸ்மோல்விஎல்ஏ என்ற மாடலைப் பயிற்றுவித்தார்கள். 45 கோடி அளவுருக்கள்தான், 30,000க்கும் குறைவான பதிவுகள். அதற்காகப் பொதுமக்கள் போட்ட தரவைத் திறந்து பார்த்தால், வேலையின் விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் "ஹோல்ட்", "அப்" என்று ஒற்றைச் சொல்தான் பல பதிவுகளில். வேறு ஒரு மாடலை வைத்து வீடியோவைப் பார்க்கச் சொல்லி விளக்கங்களைத் திருத்தி எழுத வைத்தார்கள். அதைப் படித்ததும் எங்கள் பதிவைத் திறந்து பார்த்தேன். "டெஸ்ட் 3" என்று இருந்தது. அன்று இரவே ஐம்பதையும் ஒழுங்காக எழுதித் திரும்ப ஏற்றினேன்.

#10 வால்வு_வாத்தியார் | செவ்வாய், இரவு 9:15

தம்பி செவ்வாழை, மனம் நிறைந்தது. எங்கள் காலத்தில் ஒரு ரோபோ கையைத் தொட்டுப் பார்க்க மாணவர்களை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

களம் என்ற சொல் நல்ல சொல். களம் என்றால் அளப்பவர் யார், நெல் யார் வீட்டுக்குப் போகிறது என்பதும் உண்டு. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஜிபோ என்றொரு வீட்டு ரோபோ. 2017ல் விற்பனைக்கு வந்தது, நிறுவனம் கைமாறியது, 2019ல் சர்வரை நிறுத்தப் போவதாக அந்த ரோபோவே வீட்டாரிடம் சொல்லி விடைபெற்றது. குழந்தைகளுக்கான மாக்ஸி ரோபோவுக்கு 2024 டிசம்பரில் அதே நிலை. குழந்தைகளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று பெற்றோர் தவித்தார்கள். பிறகு வீட்டுக் கணினியையே சர்வராக வைத்து ஓட்டிக்கொள்ள ஒரு திறந்த மூல வழி வெளியானது. அது முதல் நாளே இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. உடம்பு நம்முடையது, மூளை வாடகை என்றால் நாம் வாங்கியது என்ன?

இன்னொன்று, 2020ல் ரூம்பா என்ற தரை சுத்தம் செய்யும் ரோபோவின் சோதனை வடிவங்கள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், லேபிள் போடும் வேலைக்குப் போன இடத்திலிருந்து கசிந்து ஃபேஸ்புக் குழுக்களுக்குப் போயின. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் உண்டு. 2022 டிசம்பரில் அது செய்தியானது. படம் எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்களின் வீடுகள்தான் அவை. இப்படிப் போகும் என்று தெரிந்தா போட்டார்கள்?

#11 கரூர்க்காரன் | புதன், இரவு 11:05

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

தங்கை மகன் ஒரு செய்தியைக் காட்டினான். 2025 நவம்பரில் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. எங்கள் கரூரிலேயே ஒரு அலுவலகத்தில் இளைஞர்கள் நெற்றியில் சின்ன கேமராவைக் கட்டிக்கொண்டு நாள் முழுதும் துண்டு மடிக்கிறார்கள். அந்த வீடியோவில் கை எங்கே நீண்டது, எங்கே பிடித்தது, எங்கே மடித்தது என்று குறித்து அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். ரோபோவுக்குப் பாடம். நான் பெர்க்லி வீடியோவைப் பார்த்து வியந்துகொண்டிருந்த நேரத்தில், அதற்கு அடுத்த பாடம் எங்கள் ஊரில் பதிவாகிக்கொண்டிருந்திருக்கிறது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, "அவர்கள் மடிப்பது சரியாக இருக்கிறதா?" என்று. செய்தியில் இருந்த படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஓரத்தைச் சேர்த்துப் பிடிக்காமல் மடிக்கிறான், நாலு துண்டு அடுக்கினால் சாய்ந்துவிடும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது, "என் கை தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆனது. அதை வாங்கிக்கொண்டு போகிறவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

#12 ஒரகடம்_நைட்ஷிஃப்ட் | வியாழன், காலை 6:40

நேராகவே கேட்கிறேன். அவர் கை தெரிந்ததைக் கொடுத்துவிட்டால் அவர் வேலை போகாதா? நீங்கள் பேக்கிங் பிரிவைப் பார்ப்பவர். உங்களிடம்தான் கேட்க முடியும்.

#13 கரூர்க்காரன் | வியாழன், மதியம் 2:00

கேட்டது நியாயம். இன்றைக்கு உள்ள நிலையில் 2 நிமிடத்துக்கு ஒரு துண்டு மடிக்கும் மெஷினை எந்த யூனிட்டும் வாங்காது. ஆனால் 25 நிமிடம் 2 நிமிடமாக 12 வருடம்தான் ஆகியிருக்கிறது. ஒரு நாள் ஆறு வினாடிக்கும் வரும். வராது என்று அக்காவிடம் நான் பொய் சொல்லவில்லை. அவர் மகள் நர்சிங் படிக்கிறாள், "அதற்குள் அவள் வேலைக்குப் போய்விடுவாள்" என்றார். எல்லோருக்கும் அப்படி ஒரு மகள் இல்லை. எங்கள் பிரிவில் 34 பேர்.

#14 மூன்றாம்_மூட்டு | வியாழன், இரவு 8:30

அக்காவின் கேள்விக்கு எங்கள் துறை பாதிதான் பதில் வைத்திருக்கிறது. ஓப்பன் எக்ஸ்-எம்பாடிமென்ட் கட்டுரையைத் திறந்தால் ஆசிரியர் பெயர்களே ஒரு பக்கத்தை நிரப்பும். தரவு கொடுத்த ஆய்வகங்கள் எல்லாம் அதில் பங்காளிகள். மாணவர் சேர்த்தால் அது பங்களிப்பு, பெயர் வரும். கூலிக்கு மடித்துக் கொடுத்தவர் சேர்த்தால் அது வாங்கிய பொருள், பெயர் வராது. கையின் அறிவு இரண்டிலும் ஒன்றேதான். இதை எங்கள் குழுக் கூட்டத்தில் நேற்று எழுப்பினேன். இனிமேல் நாங்கள் வெளியிடும் தொகுப்பில், செய்து காட்டியவர் விரும்பினால் அவர் பெயரையும் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. சின்ன குழு நாங்கள். இருந்தாலும் எழுதி வைத்துவிட்டோம்.

#15 செவ்வாழை | வியாழன், இரவு 9:50

கரூர் அண்ணா, ஒன்று கேட்கலாமா? எங்கள் கை சின்னது, பெரிய துண்டைத் தூக்காது. கிச்சன் டவல் அளவு என்றால் இரண்டு கையால் முயலலாம். அக்கா எப்படி மடிக்கிறார் என்று பார்த்து, அதே போல நாங்கள் கையை இயக்கிப் பதிய ஆசை. ஏற்றும்போது தமிழிலும் விளக்கம் எழுதுவோம். அவர் சம்மதித்தால் மட்டும்.

#16 கரூர்க்காரன் | வெள்ளி, இரவு 9:20

கேட்டேன். சம்மதம். முகம் வரக் கூடாது, கை மட்டும். எங்கே ஏற்றினாலும் அவருக்கு ஒரு பிரதி காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்ன அன்றைக்கு எடுத்துவிட வேண்டும். பெயர் போடலாமா என்று கேட்டதற்கு, "முதல் எழுத்தோடு சேர்த்துப் போடச் சொல்" என்றார்.

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். செகண்ட்ஸ் (சின்னக் குறையால் ஒதுக்கிய) கிச்சன் டவல் 20 எடுத்து வைத்திருக்கிறேன். பத்து டெர்ரி, பத்து சாதா நெசவு. டெர்ரி விரலில் ஒட்டும், சாதா வழுக்கும், இரண்டிலும் பழக்குங்கள். எல்லாம் ஒரு தடவை துவைத்தவை. கஞ்சி போகாத துண்டு விறைப்பாக நிற்கும், அதை வைத்துப் பழக்கினால் வீட்டுத் துண்டில் தோற்றுவிடும் என்று அக்காதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசைக்கு மேலே போனைக் கட்டி எடுக்கிறோம். தம்பி, பார்சல் அனுப்ப முகவரியைத் தனி மடலில் போடு.